தஞ்சைக்கு வந்த மேரியான் நார்த்தும் நம் பின்வாசல் இலுப்பையும்

(பொங்கல் விழாவன்று நம் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பானை பொங்கும் நேரம் நெருங்கிவிட்டதால் அன்று சொல்லாமல் விட்ட சில விஷயங்களையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)

 

ஓவியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சார் சொன்னார். நான் பி.காம். படித்தவன், முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க். எனக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒரு விஷயம் கொஞ்ச காலமாக மனதில் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் குடியிருப்பில் பாதி வீடுகளில், வரவேற்பறையிலோ பூஜை அறையிலோ ஒரு தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் உண்டு. வெண்ணெய்ப் பானையோடு கிருஷ்ணர், இல்லையென்றால் பட்டாபிஷேக ராமர். தங்க ரேக்கு, பதித்த கற்கள், இரண்டு பக்கமும் தூண், மேலே வளைவு, சுருட்டிக் கட்டிய திரை. வீட்டுக்குப் போனதும் ஒருமுறை அதை நன்றாகப் பாருங்கள். அதில் எல்லாம் இருக்கும், தஞ்சாவூர் மட்டும் இருக்காது. வயல் கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஒரு கொக்கு, ஒரு பனைமரம்கூட இருக்காது. மூன்று போகம் விளைந்த ஊரில் பிறந்த கலையில் ஒரு நாற்று கிடையாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது கும்பிடுவதற்காக எழுதிய படம். சாமி நம்மைப் பார்க்க வேண்டும், நாம் சாமியைப் பார்க்க வேண்டும், நடுவில் வயலுக்கு என்ன வேலை? ஆனால் நிலத்தையும் மரத்தையும் பார்த்து வரைவது என்று ஒரு வழியும் இருக்கிறது. அதற்கும் நம் ஊருக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சரபோஜி மன்னர் செடி கொடிகளையும் பறவைகளையும் மிருகங்களையும் வரைய வைத்தார். 1820 வாக்கில் காசி யாத்திரை போனபோது ஓவியரைக் கொண்டு கங்கைப் படித்துறைகளையும் வரைய வைத்தார். அந்தப் படங்களை சரஸ்வதி மகாலில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1792-இல், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கிலேயர்கள், தாமஸின் சகோதரர் மகன்தான் வில்லியம், தென்னாடு முழுக்கச் சுற்றியபோது நம் பெரிய கோயிலையும் வரைந்துகொண்டு போனார்கள்.

ஆனால் நான் இன்று பேச வந்தது இவர்களைப் பற்றி அல்ல, தஞ்சாவூருக்கு வந்துபோன ஒரு பெண்மணியைப் பற்றி. பெயர் மேரியான் நார்த்.

1830-இல் இங்கிலாந்தில் கடலோர ஊரான ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். தகப்பனார் அந்த ஊரின் பாராளுமன்ற உறுப்பினர், வசதியான குடும்பம். இந்த அம்மாளுக்கு முதலில் ஓவியத்தில் ஆசை இல்லை, பாட்டில்தான் ஆசை. முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டார், பிறகு குரல் போய்விட்டது. நம் ஊரில் இப்படி ஒரு பெண்ணுக்கு நேர்ந்தால் என்ன சொல்வோம்? வீணை கற்றுக்கொள் என்போம். அவர் தூரிகையை எடுத்தார். பூக்களை நீர்வண்ணத்தில் வரைவது அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்களின் வழக்கம்தான், நம் வீடுகளில் கோலம் போல. அதற்கு இரண்டு மூன்று பேரிடம் பாடம் படித்தார். அதோடு நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

இரண்டு விஷயங்கள் அவரை மாற்றின. லண்டன் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் பெரிய தாவரத் தோட்டம் இருக்கிறது. தகப்பனாரோடு அங்கே போனபோது அதன் இயக்குநர் வில்லியம் ஹூக்கர் ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்தார். அம்ஹெர்ஸ்டியா என்ற பர்மா தேசத்து மரத்தின் பூ. சரவிளக்கு மாதிரி சிவப்பாகத் தொங்கும்.  கண்ணாடி வீட்டுக்குள் பூத்த அந்தப் பூவைப் பார்த்ததும், இது தானாக வளரும் தேசத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டாவது, 1867 வாக்கில் ராபர்ட் டௌலிங் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் அவருக்கு எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு நீர்வண்ணத்தை ஏறக்குறைய மறந்தேவிட்டார்.

அம்மா 1855-இலேயே காலமாகிவிட்டார். சாகும்போது, அப்பாவைத் தனியாக விட்டுவிடாதே என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டாராம். அந்த வாக்கை மகள் காப்பாற்றினார், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பதினான்கு வருஷம் கழித்து, 1869-இல் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். அப்போது இவருக்கு முப்பத்தொன்பது வயது. ஹேஸ்டிங்ஸ் வீட்டை விட்டுவிட்டு, 1871-இல், நாற்பது வயதில், பெட்டியும் வண்ணக் குழாய்களுமாகத் தனியாகக் கிளம்பினார். அமெரிக்கா, கனடா, ஜமைக்கா, பிரேசில். அப்புறம் ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை.

நான் பேங்க் ஆசாமி என்பதால் எனக்கு முதலில் வந்த கேள்வி, இதற்கெல்லாம் பணம் ஏது என்பதுதான். குடும்பச் சொத்து இருந்தது. போகிற இடமெல்லாம் கவர்னருக்கும் ஜட்ஜுக்கும் கொடுக்க அறிமுகக் கடிதங்கள் இருந்தன. அதை மறைத்து, ஏதோ ஏழைப் பெண் சாதித்தாள் என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. ஆனால் அதே சொத்தும் அதே கடிதங்களும் இருந்த எத்தனையோ பேர் மலைவாசஸ்தலத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். இவர் அட்டைப் பூச்சிக் காட்டில் நின்றுகொண்டு வரைந்தார். இரண்டையும் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊர்க் கதை. 1877-இன் கடைசி மாதங்களில் இலங்கையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார். அது என்ன காலம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், தாது வருஷப் பஞ்சம். 1876-இலிருந்து 1878 வரை மதராஸ் ராஜதானி முழுக்க ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். அதன் நடுவில் ஒருவர் படம் வரைய வருகிறார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. காவிரித் தண்ணீரால் தஞ்சாவூர்ச் சீமை மற்ற ஜில்லாக்கள் அளவுக்கு அடிபடவில்லை. மதுரை வழியாக அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

தங்கியது யார் வீட்டில் தெரியுமா? ஆர்தர் பர்னெல் வீட்டில். இந்தப் பெயரை சரஸ்வதி மகாலுக்குப் போய்ப் படித்தவர்கள் அறிவார்கள். தஞ்சாவூர் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர், சமஸ்கிருதத்தில் பெரிய படிப்பு. அரண்மனையில் மலைபோலக் கிடந்த சுவடிகளைப் பிரித்து, பெயரிட்டு, பட்டியல் போட்டவர். அந்தப் பட்டியல் 1880-இல் லண்டனில் அச்சானது. கறி, கஞ்சி, கட்டுமரம் என்று நம் சொற்கள் இங்கிலீஷில் எப்படிப் புகுந்தன என்று சொல்லும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் இவருடைய உழைப்பும் உண்டு.

ஒருவர் சுவடிக்குப் பட்டியல் போடுகிறவர், இன்னொருவர் செடிக்குப் பட்டியல் போடுகிற மாதிரி வரைகிறவர். இரண்டு பேரும் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும்? இந்த ஜனங்கள் எந்தெந்தச் செடியை, எந்தெந்த மரத்தைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள், ஏன் கும்பிடுகிறார்கள் என்பதில் போய் நின்றது. பர்னெல் எழுதுவது, நார்த் வரைவது என்று ஒரு யோசனை உருவானது. தஞ்சாவூரை விட்டுப் போன பிறகும் இந்தியா முழுக்கச் சுற்றிக்கொண்டே, இந்துக்கள் புனிதமாக நினைக்கும் செடிகளைத் தேடித் தேடி வரைந்தார். பர்னெலுக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் இப்போது கியூவில் பத்திரமாக இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் இருநூறுக்கு மேல் வரைந்து முடித்து, 1879-இல் ஊர் திரும்பினார்.

புத்தகம் வரவில்லை. பர்னெலுக்கு உடம்பு கெட்டது, ஊருக்குப் போனார், 1882 அக்டோபரில் நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்.

அந்தப் புத்தகம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அதற்கு வேண்டிய சரக்கு அத்தனையும் நம் ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாவிலுமே இருக்கிறது. பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்று ஐந்து ஊர்கள். உங்களில் பலர் வேன் வைத்துப் போய்வந்திருப்பீர்கள். விடியற்காலை திருக்கருகாவூர், அது முல்லை வனம். அடுத்து அவளிவணல்லூர், பாதிரி வனம். உச்சிக்கு அரித்துவாரமங்கலம், வன்னி வனம். சாயரட்சைக்கு ஆலங்குடி, பூளை வனம். அர்த்தசாமத்துக்குத் திருக்கொள்ளம்புதூர், வில்வ வனம். ஒரே நாளில் ஐந்தையும் தரிசிக்க வேண்டும் என்பது முறை. ஐந்து கோயில் என்று போகிறோம், ஐந்து கோபுரத்தைப் போட்டோ எடுக்கிறோம், ஆலங்குடியில் குருவுக்கு விளக்குப் போடுகிறோம். அந்த ஊருக்குப் பழைய பெயர் திரு இரும்பூளை. பூளை எப்படி இருக்கும் என்று வேனில் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? நேற்றுதான் அதைக் காப்பு என்று நிலைப்படியில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் செருகினோம். அதே வகைதான், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுமாதிரி பூக்குமே, அது.

திருவிடைமருதூருக்கு மருதம், திருப்பனந்தாளுக்குப் பனை, சிதம்பரத்துக்குத் தில்லை. மரத்தின் பெயரிலேயே ஊர். அவ்வளவு ஏன், வயலும் வயல் சார்ந்த இடமும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மருத நிலமே ஒரு மரத்தின் பெயர்தான். நெல்லின் பெயரை வைக்காமல், ஆற்றங்கரையில் நின்ற மரத்தின் பெயரை வைத்தார்கள் நம் முன்னோர்கள். நிலத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

நார்த் அம்மாளிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான். அந்தக் காலத்துத் தாவரப் படங்களைப் பார்த்தால், வெள்ளைத் தாளில் ஒரு கிளை, ஒரு பூ, வெட்டிப் பிரித்த ஒரு விதை. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி பின்னால் ஒன்றும் இருக்காது. இவர் அப்படி வரையவில்லை. செடி எங்கே நின்றதோ அங்கேயே வைத்து வரைந்தார். தாமரை என்றால் குளத்தோடு, மரம் என்றால் பின்னால் மலையோடு, மேலே வானத்தோடு, சில சமயம் மேலே ஊரும் பூச்சியோடு. வெளியிலேயே உட்கார்ந்து, காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தைக் குழாயிலிருந்து நேராக எடுத்து, வேகமாக வரைவார். நுணுக்கம் போதாது என்று சொன்னவர்களும் உண்டு. சில படங்களில் வண்ணம் தூக்கலாகத்தான் இருக்கிறது, எனக்கே தோன்றியது.

எனக்கே என்று சொல்லக் காரணம், நான் நேரில் பார்த்திருக்கிறேன். மகள் லண்டன் பக்கம் இருப்பதால் ஒரு கோடையில் இரண்டு மாதம் அங்கே இருந்தோம். கியூ தோட்டத்துக்குள்ளேயே அந்த ஓவியங்களுக்கென்று தனிக் கட்டடம். ஊர் திரும்பிய வருஷம், ஷ்ரூஸ்பரி ரயில் நிலையத்தில் வண்டியைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், கியூவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். படங்கள் எல்லாவற்றையும் தருகிறேன், அவற்றை வைக்கக் கட்டடமும் என் செலவில் கட்டித் தருகிறேன், தோட்டத்தைச் சுற்றி அலுத்து வருகிறவர்கள் உட்கார்ந்து இளைப்பாற ஓர் இடமாக இருக்கட்டும் என்று. ஹூக்கர் சரி என்றார். வருகிறவர்களுக்கு டீயோ காபியோ கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார்கள். அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வாசல் கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார். இன்றும் இருக்கிறது.

1882 ஜூனில் திறந்தார்கள். உள்ளே போனால் மூச்சு முட்டும். எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள், சட்டத்தோடு சட்டம் ஒட்டி, இடைவெளியே இல்லாமல், தேசவாரியாக. கீழே சுவரைச் சுற்றி 246 வகை மரப் பலகைகள். எந்தப் படம் எங்கே என்று அவரே நின்று அடுக்கியது. நம் வீட்டம்மாள் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் இந்தியச் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். இங்கே தெருவுக்குத் தெரு பார்த்த மரங்களை அங்கே போய், கழுத்தை வளைத்து, கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், குறிப்பாக “படம் வரைந்து என்ன ஆகப் போகிறது” என்று கேட்கிறவர்களுக்கு. போர்னியோவின் சரவாக்கில் 1876-இல் ஒரு குடுவைச் செடியை வரைந்தார், பூச்சி பிடித்துத் தின்னும் வகை. லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த நாற்றங்கால் முதலாளி ஒருவர், இது புதிதாக இருக்கிறதே என்று ஆளை அனுப்பித் தேடச் சொன்னார். செடி கிடைத்தது. நெப்பந்தஸ் நார்த்தியானா என்று அம்மாளின் பெயரையே ஹூக்கர் வைத்தார். அதைவிட வேடிக்கை இன்னொன்று. அதே சரவாக்கில் வரைந்த வேறொரு படத்தில் நீல நிறப் பழங்களோடு ஒரு செடி இருந்தது. அது என்ன செடி என்று யாருக்கும் தெரியாமலே நூறு வருஷத்துக்கு மேல் சுவரில் தொங்கியது. கடைசியில், கியூவிலேயே இருந்த பழைய உலர்செடி மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது இதுவரை பெயரிடப்படாத இனம் என்று கண்டுபிடித்து, 2021-இல் சஸ்ஸாலியா நார்த்தியானா என்று பெயர் வைத்தார்கள். வங்கிப் பாஷையில் சொன்னால், 145 வருஷம் கழித்து ஒரு வவுச்சர் டேலி ஆனது. அந்த அம்மாள் அன்று உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவைத்ததால்தான் ஆனது.

பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சார்லஸ் டார்வின் சொன்னார் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அப்புறம் தென்னாப்பிரிக்கா, செஷல்ஸ், கடைசியில் சிலி. உடம்பு ஒடுங்கி, 1890-இல் ஐம்பத்தொன்பது வயதில் காலமானார்.

சரி, இதையெல்லாம் நம்மிடம் ஏன் சொல்கிறார் என்று பின்வரிசையில் சலசலப்புக் கேட்கிறது. வருகிறேன்.

நான் வேலை பார்த்த நாட்களில் நிலம் என்றால் எனக்குச் சர்வே நம்பர். அடங்கல், சிட்டா, குறுவைக்கு எவ்வளவு கடன், சம்பாவுக்கு எவ்வளவு, எத்தனை மா, எத்தனை குழி. கீழத்தஞ்சையில் ஒரு கிராமக் கிளையில் இருந்தபோது ஃபீல்டு ஆபீசர் கூட மோட்டார் சைக்கிளில் வரப்போரம் போய் நின்றிருக்கிறேன். நின்றாலும் கையிலிருந்த பேப்பரைத்தான் பார்த்தேன், கிளார்க்கு வேலை அப்படி. ஓய்வு பெற்று இங்கே நான்காவது மாடிக்கு வந்த பிறகுதான், காலையில் காபி டம்ளரோடு வடக்கு பால்கனியில் நிற்கும்போது, வயலைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் மண் கறுத்துப் பளபளப்பது. நாற்றங்கால் ஒரு பச்சை, நடவு முடிந்த வயல் இன்னொரு பச்சை, இரண்டும் ஒன்றல்ல. டிராக்டர் சேறடிக்கும்போது பின்னாலேயே நடக்கிற கொக்குகளும் மடையான்களும். இந்தத் தை மாதத்தில் பாருங்கள், கதிர் சாய்ந்து, காலை ஏழு மணிக்கு ஒரு நிறம், ஏழரைக்கு வேறு நிறம். பேத்தி விட்டுப்போன கிரேயான் பெட்டியை வைத்து ஒரு பழைய டைரியில் வரைந்து பார்க்கிறேன். நன்றாக இருக்காது, காட்டமாட்டேன். ஆனால் வரைய உட்கார்ந்தால்தான் வரப்பு நேராகப் போகவில்லை என்பதே கண்ணில் படுகிறது.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடமும் ஒரு காலத்தில் நஞ்சைதான். அதைப் பற்றி நான் யாரையும் குறை சொல்ல முடியாது, நானும் வீடு வாங்கியவன். வெண்ணாற்றுக்கு இந்தப் பக்கம் மிச்சமிருக்கிற வயலில் போன வருஷம் கல் ஊன்றிக் கொடி கட்டிவிட்டார்கள். அதையும் நாம் தடுக்க முடியாது. நம் பேரப் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு ஒரு படமாவது வேண்டாமா? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, போட்டோ எடுக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கிறோம், ஆயிரக்கணக்கில். எல்லாவற்றிலும் நாம்தான் நிற்கிறோம், வயல் பின்னால் மங்கலாக இருக்கிறது.

நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, பின்வாசல் பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு அப்பால் நிற்கிற இலுப்பை மரம். இது வரப்போகிற பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வெட்டிவிட்டால் எட்டு கார் நிறுத்தலாம் என்று கணக்கு. கணக்கு சரி, நானே டேப் வைத்து அளந்து பார்த்தேன். பி பிளாக்கிலும் சி பிளாக்கிலும் இரண்டாவது கார் வாங்கியவர்கள் தெருவில் நிறுத்திவிட்டு ராத்திரி தூக்கமில்லாமல் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. பங்குனி சித்திரையில் பூ கொட்டிக் காரெல்லாம் பிசுபிசுவென்று ஆகிறது, வௌவால் வந்து அசுத்தம் செய்கிறது என்பதும் உண்மை. மூன்றையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மரத்துக்கு நாம் ஒரு நோட்டு எழுதினோமா? ஃபைலில் ‘பழைய மரம் 1’ என்று இருக்கிறது, அவ்வளவுதான். அது வெறும் பழைய மரம் அல்ல. மின்சாரம் வருவதற்கு முன்னால் நம் ஜில்லாக் கோயில்களில் விளக்கெரிந்தது இலுப்பை எண்ணெயில். அதற்கென்றே இலுப்பைத் தோப்பு விட்டுவைத்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் கேலிக்குச் சொல்கிறோம். கேலியில்லை, அந்தப் பூ உண்மையிலேயே தித்திப்பு, உலர்த்தி வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அந்தப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று பாடல் பெற்ற தலம் இருக்கிறது, அங்கே தலமரமே இதுதான். மெதுவாக வளரும் மரம். நம் மரத்தின் அடிப்பகுதியை இரண்டு பேர் கை கோத்தால் எட்டவில்லை, காவலாளியும் நானும் முயன்று பார்த்தோம். இந்த அளவுக்கு வளர நம் ஆயுள் போதாது. கஜா புயல் 2018-இல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை ஒரே ராத்திரியில் சாய்த்ததை எல்லோரும் பார்த்தோம். இது நின்றது.

வௌவாலும் சும்மா வருவதில்லை. இலுப்பைப் பூ ராத்திரியில்தான் மலரும். அதைத் தின்ன வருகிற வௌவால்தான் மகரந்தத்தைச் சுமக்கிறது, பழத்தைத் தின்றுவிட்டு விதையைத் தூர எடுத்துக்கொண்டு போவதும் அதுதான். அந்த மரத்துக்கு அது புரோகிதர் மாதிரி.

நான் செயற்குழுவிடம் கேட்பது இரண்டே. பார்க்கிங் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. பொதுக்குழு வழக்கமாகப் பங்குனிக் கடைசியில் நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைகாசிக்குத் தள்ளி வையுங்கள். பூ முழுக்கக் கொட்டி முடியட்டும். ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு விடியற்காலையாவது அந்த மரத்தடிக்குப் போய் ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து கை தூக்கட்டும். வெட்டலாம் என்று தூக்கினாலும் சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது, தெற்குப் பக்கம் பழைய சிமெண்ட் ஷெட்டைப் பிரித்தால் ஐந்து கார் நிற்கும். அந்த வரைபடத்தைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். எட்டுக்கு ஐந்து. மூன்று குறைகிறது, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மாசி முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் காலை ஆறே கால் மணிக்குப் பின்வாசலில் இருப்பேன். காகிதமும் அட்டையும் என் பொறுப்பு. பென்சிலோ கிரேயானோ நீங்கள் கொண்டு வாருங்கள். இலுப்பையைத் தனியாக வரையக் கூடாது, ஜெனரேட்டர் அறை, சுவர், அதற்கு மேலே தெரிகிற வயல், கல், கொடி எல்லாவற்றோடும்தான் வரைய வேண்டும். பெரியவர்களும் வரலாம். ஏ பிளாக் மாமி ஃப்ளாஸ்கில் காபி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், கியூ தோட்டத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். கார் வைத்திருப்பவர்கள் பூ கொட்டும் நாட்களில் மேலே போட ஒரு பழைய வேட்டி போதும், அதுவும் என்னிடம் நாலைந்து இருக்கிறது.

பானை பொங்கப் போகிறது, எல்லோரும் வாசலுக்கு வாருங்கள்.